கல்லும் காரையும் காப்பவர் யார்?

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் திருப்பலி முடிந்ததும், நம் பங்கின் ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில் மக்கள் கூடினார்கள். பேச வேண்டிய பொருள் ஒன்றே ஒன்றுதான். பழைய கோவிலை இடித்துவிட்டுப் புதுக் கோவில் கட்டுவதா, வேண்டாமா?

"மேல்தளம் ஒழுகுகிறது" என்றார் ஒருவர். "சுவரெல்லாம் ஓதம் ஏறிப் பூச்சு உதிர்கிறது" என்றார் மற்றொருவர். "திருவிழாக் கூட்டத்திற்கு இடம் போதவில்லை" என்றார் மூன்றாமவர். மூன்றும் மெய்தான். ஆனால் மேல்தளம் ஏன் ஒழுகுகிறது, சுவரில் ஓதம் ஏன் ஏறுகிறது என்று கேட்டவர் எவருமில்லர். பழங்கட்டடம் அறிந்த ஒருவரை அழைத்துக் காட்டுவோம் என்று சொன்னவரும் இலர். இடிக்கச் சம்மதம் உள்ளவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்கள். எல்லாரும் தூக்கினார்கள். நாமும் தூக்கினோம்.

இடிக்கத் தொடங்கிய பின்னரே உண்மை புலப்பட்டது. உறுதியற்றது என்று நாம் தீர்ப்பிட்ட சுவர் கடப்பாரைக்கு எளிதில் இடம் கொடுக்கவில்லை. ஒரு வாரத்தில் முடியும் என்று கணக்கிட்ட வேலை மூன்று வாரம் நீண்டது. மேல்தளத்தைப் பிரித்தபோது ஒழுக்கின் காரணமும் தெரிந்தது. மழைநீர் வெளியேறும் தூம்புவாய் ஒன்றை அரசஞ்செடியின் வேர் அடைத்திருந்தது. தேங்கிய நீர் உள்ளே இறங்கி, இரண்டு உத்தரங்களின் முனைகள் மக்கியிருந்தன. அவ்வளவே. மக்கிய இரண்டு முனைகளுக்காக, நம் பாட்டன்மார் கட்டிய கோவில் முழுவதையும் தரைமட்டமாக்கியிருந்தோம்.

குவிந்து கிடந்த இடிபாட்டிலிருந்து காரைத் துண்டொன்றை எடுத்து, ஒரு மூதாட்டி தம் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். அவர் திருமணம் நடந்த கோவில் அது. அவர் பிள்ளைகள் திருமுழுக்குப் பெற்ற கோவில் அது. கணவரின் உடலை இறுதியாகக் கொண்டுவந்து வைத்த கோவிலும் அதுவே. அவர் நம்மை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு நம்மிடம் விடையும் இல்லை.

அந்த விடையைத் தேடிச் சென்றபோது நாம் அறிந்துகொண்டவற்றை, வாசகக் குடும்பங்களோடு இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

தடுக்க முயன்ற கைகள்

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களும் பழம்பெருமை மிக்கவை. 1995 வரை இவை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு இணைந்திருந்தன. பெரம்பலூருக்கு வடக்கே நெடுஞ்சாலையில் செல்வோரின் கண்ணில் படுவது இரஞ்சன்குடிக் கோட்டை. கொள்ளிடத்தின் வடகரையில், வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அடைக்கல அன்னைக்கு ஆலயம் எழுப்பித் 'திருக்காவலூர்' என்று பெயரிட்டுப் போற்றிய ஏலாக்குறிச்சி. கீழ்த்திசையில் முதலாம் இராசேந்திர சோழன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம். அப்பெருங்கோவிலை 2004ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக அறிவித்தது.

கங்கைகொண்ட சோழபுரத்திற்குச் செல்வோர், வானளாவிய விமானத்தை வியந்து நோக்குவர்; படம் எடுத்துக்கொள்வர். கோவிலைச் சுற்றியிருந்த பெருமதிலின் பெரும்பகுதி எங்கே போயிற்று என்று கேட்போர் சிலரே. அது கொள்ளிடத்திற்குப் போயிற்று. 1836ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சியினர் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டினர். அதற்குக் கருங்கல் தேவைப்பட்டது. மலையிலிருந்து வெட்டிக் கொணர்வதைவிட, அருகிலிருந்த கோவில் மதிலைப் பெயர்ப்பது எளிதாகத் தோன்றிற்று. சிற்ப வேலைப்பாடு மிக்க கற்களும் அவ்வாறே பெயர்க்கப்பட்டன.

இச்செய்தியைப் பதிவு செய்தவர் ஆங்கிலேயரே. 1855இல் அச்சான தென்னிந்திய விவர நூலொன்று இதனை வருத்தத்தோடு குறிப்பிடுகிறது. அவ்வூர் ஏழை மக்கள் அந்த அழிவைத் தடுக்கத் தம்மால் இயன்றதையெல்லாம் செய்தார்களாம். பயன் விளையவில்லை, தடுத்ததற்காகத் தண்டனையே கிடைத்தது. பெயர்த்த கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக அரசு வாக்களித்தது. அந்த வாக்கு நிறைவேறவே இல்லை என்றும் அந்நூல் ஒளிவின்றிக் கூறுகிறது.

இதைப் படித்தபோது நம் நெஞ்சு குறுகுறுத்தது. அந்த ஏழைகளிடம் அதிகாரம் இல்லை, படிப்பில்லை, பணமில்லை. ஆயினும் தம் கோவிலைக் காக்கக் கை நீட்டினார்கள். நம்மிடம் எல்லாம் இருந்தது. நம்மை எவரும் வற்புறுத்தவும் இல்லை. நாமோ இடிக்கக் கை தூக்கினோம்.

பழங்கட்டடங்களைக் காப்பது தொல்பொருள் துறையின் வேலை என்று பலர் நினைக்கிறோம். பேரரசர் கட்டிய பெருங்கோவிலுக்கு அது பொருந்தும். நம் ஊர்ப் பங்குக் கோவிலுக்கும், குருசடிக்கும், தாத்தா கட்டிய ஓட்டு வீட்டுக்கும் எந்தத் துறை வரும்? அவற்றின் காவலர் நாமே. ஆனால் காக்கும் மனம் மட்டும் இருந்தால் போதாது. காக்கும் வழியும் தெரிய வேண்டும். வழி தெரிந்த வல்லுநரும், மனமுள்ள மக்களும் ஒன்று சேர்ந்தால் என்ன நடக்கும்? இதற்கு நம் காலத்துக் கட்டடக் கலைஞர் ஒருவருடைய வாழ்க்கைப் பணி நல்ல சான்றாகும்.

ஆசிரியரும் மாணவரும்

அவர் பெயர் பென்னி குரியகோஸ். கேரளத்தவர்; சென்னையில் இருந்துகொண்டு பணியாற்றி வருபவர். கள்ளிக்கோட்டை மண்டலப் பொறியியல் கல்லூரியில் கட்டடப் பொறியியல் பயின்றவர். 1984ஆம் ஆண்டில் அவர் தொழிலில் இறங்கியபோது, அவருடைய உள்ளத்தைக் கவர்ந்தவர் லாரி பேக்கர்.

பேக்கரைப் பற்றி ஓரிரு சொல் சொல்லாமல் மேலே செல்வது முறையன்று. 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தவர். குவேக்கர் சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர். தொழுநோயாளர்க்கான மருத்துவமனைகளைக் கட்டிக் கொடுக்கும் பணிக்காக 1945இல் இந்தியா வந்தார். அதற்குச் சற்று முன்னரே பம்பாயில் காந்தியடிகளைச் சந்திக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியிருந்தது. ஒரு வீட்டைக் கட்டத் தேவையான பொருள்கள் அவ்வீட்டிற்கு ஐந்து மைல் தூரத்திற்குள்ளேயே கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்து அவர் மனத்தில் ஆழப் பதிந்தது. இமயமலைச் சாரலில் பித்தோராகரில் மருத்துவரான தம் துணைவியாரோடு பல ஆண்டுகள் வாழ்ந்தபோது, படிப்பறியாத மலைவாழ் மக்கள் கல்லையும் மரத்தையும் மண்ணையும் கொண்டு வீடு கட்டும் அறிவைக் கண்டு, தாம் கற்ற கல்வியை மறுபடியும் கற்றுக்கொண்டார். பின்னர்க் கேரளத்தில் குடியேறினார். திருவனந்தபுரத்தில் இயேசு சபையாரின் லொயோலாப் பள்ளியில் அவர் எழுப்பிய சிற்றாலயத்தைக் காண்போர், பூசப்படாத வெறும் செங்கல்லும், சுவரெங்கும் விடப்பட்ட காற்றுத் துளைகளும் இத்துணை அமைதியைத் தர இயலுமா என்று வியப்பர். 2007இல் தம் 90ஆம் வயதில் அவர் மறைந்தார்.

ஊர் மக்கள் வீடு கட்டிய முறையைப் பின்தங்கிய முறையென்று தள்ளாமல், அதனை அறிவாகக் கருதிக் கற்பதே பேக்கர் காட்டிய வழி. அவ்வழியில் நடந்த குரியகோஸ் 1986-87ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்து சென்று, யார்க் பல்கலைக் கழகத்தில் பழங்கட்டடப் பாதுகாப்புக் கலையைச் சிறப்பாகப் பயின்றார். திரும்பி வந்தவர் அக்கலையைத் தென்னாட்டின் வீடுகளுக்கும் வழிபாட்டிடங்களுக்கும் பயன்படுத்தத் தொடங்கினார்.

இடம் பெயர்ந்து வாழும் வீடுகள்

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள 'தட்சிணசித்ரா'வை நம் வாசகருள் பலர் பள்ளிச் சுற்றுலாவில் கண்டிருக்கக் கூடும். 1984இல் தெபோரா தியாகராஜன் நிறுவிய சென்னைக் கைவினை அறக்கட்டளையின் முயற்சியால் உருவாகி, 1996 டிசம்பரில் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதற்குத் தொடக்க வரைவு தந்தவர் பேக்கர். அதைக் கட்டி உருவாக்கியதில் பெரும் பங்கு கொண்டவர் குரியகோஸ்.

அங்கே நிற்கும் வீடுகள் மாதிரிக்காகக் கட்டிய பொம்மை வீடுகள் அல்ல. ஊர்களில் இடிபட இருந்த மெய்யான வீடுகள். செட்டிநாட்டு வீடும் உண்டு. கேரளத்துப் புதுப்பள்ளியில் 1850ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தின் மர வீடும் உண்டு. தூண், உத்தரம், கதவுநிலை ஒவ்வொன்றுக்கும் எண் இட்டுக் கவனமாகப் பிரித்து, வண்டியில் ஏற்றி வந்து, மரபறிந்த தச்சர்களின் கையாலேயே மீண்டும் கோத்து நிறுத்தினார்கள். இத்தகைய வேலையில் வரைபடம் தீட்டுபவர் தச்சருக்குக் கட்டளையிடுவது மட்டும் போதாது. தச்சரிடம் கற்றுக்கொள்ளவும் வேண்டும். பழைய மரப் பூட்டு எப்படிக் கழலும், எப்படிப் பூட்டும் என்பது தச்சரின் விரல்களுக்கே தெரிந்திருந்தது.

ஆயினும் ஒரு குறை உண்டு. வீட்டைக் காப்பாற்றினாலும், அதில் வாழ்ந்த குடும்பத்தை அதனோடு கொண்டுவர இயலாது. மக்கள் வாழும் இடத்திலேயே அவர்களுடைய கட்டடங்களைக் காப்பது எப்படி? அதற்கான சோதனை, எவரும் எதிர்பாராத துயரத்தின் வடிவில் வந்தது.

கடல் கொண்ட பின்

2004 டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள். ஆழிப்பேரலை நம் கடற்கரையைச் சூறையாடிய அந்நாளை மறந்தவர் யார்? நம் மறைமாவட்டங்களும் பங்குகளும் அன்று ஓடி ஓடி உதவின. அடுத்து வந்தது வீடு கட்டித் தரும் பணி. பல நாட்டு நிறுவனங்களும் பணத்தோடு வந்தன. நல்ல மனத்தோடுதான் வந்தன. ஆனால் பல ஊர்களில், அலையால் சேதமடையாத பழைய ஓட்டு வீடுகளையும் இடித்து, நிழல் தந்த மரங்களையும் வெட்டி, வரிசை வரிசையாக ஒரே அச்சில் கான்கிரீட் வீடுகளை எழுப்பினார்கள். திண்ணையின் நிழலில் வலை பின்னி, மர நிழலில் மீன் பிரித்து வாழ்ந்தவர்கள் வெயிலில் நிற்க நேர்ந்தது. கடல் விட்டுவைத்ததை உதவி அழித்தது என்று சொல்லும்படி ஆயிற்று.

அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்திலும் இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்திலும் அடங்கிய தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும், தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு வீடு கட்டும் பொறுப்பை ஏற்றது. கட்டடக் கலைஞராகப் பணியாற்றியவர் குரியகோஸ். அங்கே ஒரே வரைபடத்தை ஊர் முழுவதற்கும் திணிக்காமல், வீட்டின் அமைப்பைப் பற்றிக் குடும்பங்களோடு கலந்து பேசி முடிவு செய்யும் வழி மேற்கொள்ளப்பட்டது. நேரம் கூடுதலாகப் பிடிக்கும் வழிதான் அது. ஆனால் ஒரு குடும்பத்தின் சமையலறை எந்தத் திசையில் இருக்க வேண்டும், முற்றம் எவ்வளவு வேண்டும் என்பதை அக்குடும்பத்துத் தாயை விடச் சென்னையில் இருக்கும் பொறியாளர் நன்கறிவாரா?

பாரம்பரியம் என்பது கோபுரத்திலும் கோட்டையிலும் மட்டும் இல்லை. திண்ணையும் முற்றமும் வேப்பமரமும் கூடப் பாரம்பரியமே. அதன் உரிமையாளர்களைக் கேளாமல் அதைத் தொடக் கூடாது.

இடித்ததை இடித்துக் காத்த கதை

இனி நாம் சொல்லப் போவது, நம் பங்குப் பேரவைகள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய நிகழ்ச்சி. கேரளத்தில் புனித தோமையார் வந்திறங்கியதாக வழிவழியாக நம்பப்படும் கொடுங்கல்லூர்ப் பகுதியில், பழைய முசிறித் துறைமுகத்தின் நினைவாக 'முசிறிப் பாரம்பரியத் திட்டம்' ஒன்றைக் கேரள அரசு 2006இல் தொடங்கியது. அதன் முதற்கட்டத்தை 2016 பிப்ரவரி 27ஆம் நாள் அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி தொடங்கி வைத்தார். யூதர்களின் தொழுகைக் கூடம், அரண்மனை, கோட்டை, பழைய சந்தை எனப் பல சமயத்தாரின் சின்னங்களும் அதில் அடங்கும். இத்திட்டத்தின் பாதுகாப்பு ஆலோசகராக விளங்கியவர் குரியகோஸ்.

அங்கே சேரமான் ஜும்மா பள்ளிவாசல் உள்ளது. இந்தியாவின் முதல் பள்ளிவாசல் என்றும், கி.பி. 629இல் தோன்றியது என்றும் மக்கள் நம்பிப் போற்றுவது. ஓட்டுக் கூரையும் மர வேலைப்பாடும் கொண்டு, கேரளத்துக் கோவில் போலவே தோன்றிய கட்டடம் அது. தொழ வருவோர் பெருகினர், இடம் போதவில்லை. 1974இலும் அதன் பின்னரும் பழைய கட்டடத்தைச் சுற்றிக் கான்கிரீட் கூடங்களும் கோபுரங்களும் எழுந்தன. பழைய பள்ளிவாசல் அவற்றின் நடுவே மறைந்து போயிற்று.

பின்னர் அந்தச் சமூகத்தார் கூடிப் பேசி ஓர் அரிய முடிவெடுத்தார்கள். பிற்காலத்தில் சேர்த்த புதிய பகுதிகளை நீக்கிவிடுவது. 1905ஆம் ஆண்டின் பழைய புகைப்படம் ஒன்றில் காண்பது போலப் பள்ளிவாசலை மீண்டும் அமைப்பது. பெருகிய மக்களுக்கு வேண்டிய தொழுகைக் கூடத்தை நிலத்தடியில் கட்டுவது. அப்பணியை நெறிப்படுத்தியவர் குரியகோஸ்.

"இடம் போதவில்லை" என்ற அதே குறையைத்தான் நம் வேப்பமரத்தடியிலும் சொன்னோம். இடம் போதாமைக்கு இடிப்பதே மருந்து என்று நாம் நினைத்தோம். அவர்களோ இடத்தையும் பெருக்கிக்கொண்டார்கள்; முன்னோர் கட்டியதையும் மீட்டுக்கொண்டார்கள். முடிவு செய்தவர்கள் அம்மக்கள். வழி காட்டியவர் கலைஞர். இந்த வரிசை மாறக் கூடாது. கலைஞர் மட்டும் விரும்பி மக்கள் விரும்பாத இடத்தில், அவர் காத்துக் கொடுத்த கட்டடம் சில ஆண்டுகளில் பூட்டிக் கிடக்கும். மக்கள் மட்டும் விரும்பிக் கலைஞரைக் கேளாத இடத்தில், அன்பினாலேயே அழிவு நேரும்.

நம் மண்ணிலிருந்து வந்த மருந்து

அன்பினால் எப்படி அழிவு நேரும் என்று கேட்கலாம். அரியலூர் மக்களுக்கு இதை விளக்குவது எளிது. நம் மாவட்டம் சிமெண்டுக்குப் பெயர் பெற்றது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அக்கடல் உயிர்களின் ஓடுகளும் படிவுகளுமே இன்று நாம் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக் கல். அரசின் சிமெண்டு ஆலையும் தனியார் ஆலைகளும் இதை நம்பியே இங்கு வந்தன.

இதே சுண்ணாம்புக் கல்லிலிருந்துதான் நம் பாட்டன்மாரின் காரையும் பிறந்தது. காளவாயில் ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டு, தண்ணீரில் நீற்றி, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் கலந்து பக்குவம் செய்தார்கள். பூசியபின் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு மறுபடியும் கல்லாக மாறுகிறது. கல்லாய்ப் பிறந்து, நீறாகி, மீண்டும் கல்லாகும் பொருள் அது. நம் கோவில் சுவரில் கடப்பாரை திணறியதன் இரகசியம் இதுவே.

சிமெண்டு இங்கிலாந்தில் 1824இல் உரிமம் பெற்ற பொருள். புதுக் கட்டடங்களுக்கு அதன் பயன் பெரிது. அதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு பொருந்தாது. சுண்ணாம்புக் காரை மூச்சு விடும். தரையிலிருந்து சுவருக்குள் ஏறும் ஈரம் அதன் நுண்துளைகள் வழியே வெளியேறிக் காய்ந்துவிடும். மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். செங்கல் ஊறும், உப்புப் பூக்கும், பூச்சு தகடு தகடாகப் பெயரும். பிறகு, "பழைய சுவர் அல்லவா, தாங்கவில்லை" என்போம். சுவர் தாங்கும், நாம் போர்த்திய போர்வையைத்தான் அதனால் தாங்க முடிவதில்லை. நம் கோவிலின் ஓதத்திற்கும் இதுவே காரணம். விழாக் காலத்தில் அழகுக்காக நாம் ஆசையோடு பூசிய சிமெண்டுதான் அதன் நோயாயிற்று.

திருச்சபை சொல்வது

இவ்விஷயத்தில் திருச்சபை மௌனமாக இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, புதிதாகக் கட்டப்படும் ஆலயங்கள் இறைமக்கள் வழிபாட்டில் முழுமையாகப் பங்குகொள்ள ஏற்றவையாய் அமைய வேண்டும் என்கிறது. அதே ஏடு, மதிப்புமிக்க கலைப் பொருள்கள் விற்கப்படாமலும் சிதறிப் போகாமலும் ஆயர்கள் விழிப்பாயிருந்து காக்க வேண்டும் என்றும் கூறுகிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, கோவில்களைக் கட்டும்போதும் பழுதுபார்க்கும்போதும் வல்லுநரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 1216ஆம் விதியில் குறிப்பிடுகிறது. தொன்மையாலும் கலையாலும் வணக்கத்தாலும் சிறந்த திருவுருவங்களை எழுத்து வடிவிலான இசைவின்றிப் பழுதுபார்க்கக் கூடாது என்பது 1189ஆம் விதி. பழைய மரச் சுரூபத்திற்கு ஆர்வமிகுதியால் பளபளக்கும் எனாமல் வண்ணம் அடிப்போர் இதை நினைவில் கொள்வது நலம்.

பழையது எல்லாவற்றையும் எப்பாடுபட்டேனும் காத்தே தீர வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மக்கள் உயிருக்கு ஆபத்தான கட்டடமும் உண்டு. பழுதுபார்க்க இயலாத நிலையும் உண்டு. ஆலயம் மக்களுக்காகவே உள்ளது. எனினும், நோயாளியைப் பரிசோதிக்காமலே இறப்புச் சான்றிதழ் எழுதும் மருத்துவரை நாம் ஏற்போமா?

செய்யக் கூடியவை

வரதராசன்பேட்டை, தென்னூர், ஏலாக்குறிச்சி என நம் மக்கள் செறிந்து வாழும் ஊர்களிலும், பிற ஊர்களிலும், ஒவ்வொரு பங்கும் பெருஞ்செலவின்றிச் செய்யக் கூடிய சில உண்டு.

முதலாவது, தண்ணீர். பழங்கட்டடத்தின் முதற் பகை அதுவே. ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் இளைஞர்கள் மேல்தளம் ஏறித் தூம்புவாய்களைத் துப்புரவு செய்யட்டும். சுவரிடுக்கில் முளைக்கும் ஆலும் அரசும் இரண்டிலைப் பருவத்திலேயே களையப்படட்டும். ஒரு நாள் உழைப்பு ஒரு கோவிலைக் காக்கும்.

இரண்டாவது, பதிவு. பழைய ஆலயத்தின் நீள அகலங்களை அளந்து, நாற்புறமும் படம் எடுத்து, பங்கு அலுவலகத்தில் வைக்க வேண்டும். வீடுகளில் உள்ள திருமணப் புகைப்படங்களைத் தேடிப் படி எடுக்கலாம். மணமக்களின் பின்னே நிற்கும் பீடத்தையும் தூணையும் பாருங்கள். நாளை வழிகாட்டப் போவது அவையே. 1905ஆம் ஆண்டுப் படம் ஒன்று என்ன செய்தது என்பதை மேலே கண்டோம்.

மூன்றாவது, கைத்தொழில். சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த முதிய கொத்தனார்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். கல்லறைச் சுவரானாலும், குருசடியானாலும், ஒரு சிறு வேலையை அவர்களிடம் கொடுத்து, இளைய கொத்தனார்களை உடன் நிறுத்துங்கள். அவர்களோடு அத்தொழிலும் மறைந்துவிட்டால், பிறகு எவ்வளவு பணம் இருந்தும் பயனில்லை.

நான்காவது, பொறுமை. இடிப்பது பற்றிய பேச்சு எழுந்தால், பழங்கட்டடம் அறிந்த வல்லுநர் ஒருவரை அழைத்துக் காட்டாமல் எவரும் கையைத் தூக்க வேண்டாம். பழுதுபார்க்க ஆகும் செலவையும் புதிதாகக் கட்ட ஆகும் செலவையும் அருகருகே எழுதி மக்கள் முன் வையுங்கள். பழைய கோவிலைச் சிற்றாலயமாக வைத்துக்கொண்டு, அருகே புதியதை எழுப்ப இயலுமா என்றும் எண்ணுங்கள். கூட்டத்தில் முதியவர்களும் பெண்களும் பேச இடம் கொடுங்கள். நம் வேப்பமரத்தடியில் அந்த மூதாட்டியை எவரும் கேட்கவில்லை என்பதை இன்று நினைத்தாலும் வெட்கமாயிருக்கிறது.

புதுக் கோவில் கட்டி முடிந்தது. விசாலமானது, ஒளி மிக்கது. அதிலும் இறைவன் எழுந்தருளியிருக்கிறார். அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் சித்திரை மாதத்து நண்பகலில் அதன் கான்கிரீட் தளத்தின் கீழ் விசிறியின் துணையோடு மண்டியிடும்போது, வெளியே கொளுத்தினாலும் உள்ளே குளிர்ந்திருந்த அந்தப் பழைய தடித்த சுவர்களை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

அந்த மூதாட்டி சில ஆண்டுகளுக்கு முன் இறைவனடி சேர்ந்தார். அவருடைய பெட்டியைத் திறந்து பார்த்த பேரப்பிள்ளைகள், செபமாலைக்கும் பழைய செபப் புத்தகத்திற்கும் நடுவே, துணியில் முடிந்த காரைத் துண்டு ஒன்றைக் கண்டார்கள். அது என்னவென்று அவர்களுக்குத் தெரியவில்லை. நம்மிடம் கொணர்ந்து கேட்டார்கள். சொன்னோம். அன்று நாம் கை தூக்கியதையும் சேர்த்தே சொன்னோம்.

உங்கள் பங்கிலும் ஒரு பழைய சுவர் இன்னும் நின்றுகொண்டிருக்கலாம். இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும், அதனருகே சென்று ஒரு முறை நிமிர்ந்து பாருங்கள். தூம்புவாயில் ஓர் அரசஞ்செடி தலைகாட்டினால், அதை வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.